கருநீர் ஆற்று மீன்களின் உப்புக் காப்பு

நீர் கறுத்து, அமிலம் மிகுந்து, உப்பு மிகக் குறைந்த ஆறுகளை உயிரியலாளர்கள் கருநீர் ஆறுகள் என்பார்கள். அவற்றுள் மிகப் பெரியது அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோ. போர்த்துகீசிய மொழியில் இந்தப் பெயருக்குக் 'கறுப்பு ஆறு' என்று பொருள். கண்ணாடித் தம்ளரில் மொண்டு பார்த்தால் கறுப்பு தெரியாது. பால் விடாத தேநீர்தான் தெரியும். ஆற்றுக்கு நீர் தரும் கயானா மேட்டுநிலத்தின் பழம்பாறைகளும் வெண்மணல் நிலங்களும் காலங்காலமாக மழையில் கழுவப்பட்டு உப்பை இழந்தவை. நீரின் நிறமும் புளிப்பும் மட்கிய சருகிலிருந்து இறங்கும் கரிம அமிலங்களால் வருபவை. புளிப்பு கூடக்கூடக் குறையும் அளவான பி.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். ஒரு லிட்டரில் சோடியம் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

இந்த நீரில் மீனுக்கு வரும் ஆபத்தை அமிலம் 'சுடுவது' என்று நினைப்பது தவறு. ஆபத்து உப்பு இழப்பில் இருக்கிறது. மீனின் குருதியில் சோடியம் ஆற்றுநீரில் உள்ளதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. மூச்சு விடுவதற்காகவே மெல்லியதாக அமைந்த செவுள் வழியே அது ஓயாமல் கசிகிறது. கசிந்ததைச் செவுள் உயிரணுக்கள் நீரிலிருந்து மீட்கின்றன. அமிலம் இரண்டையும் கெடுக்கும். ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே வரும் சோடியத்தை மறிக்கும். உயிரணுக்களின் இடுக்குகளை இறுக்கிவைக்கும் கால்சியத்தையும் பெயர்த்துவிடும். குருதியில் உப்பு குறைந்தால் அதிலுள்ள நீர் திசுக்களுக்குள் புகும். குருதி கெட்டியாகும், இதயம் அதைத் தள்ள முடியாமல் ஓயும். பழக்கமில்லாத மீன் அமில நீரில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

கருநீர் மீன்கள் எல்லாம் ஒரே வழியில் தப்பிப்பதில்லை. ஒன்றரை அங்குலம்கூட இல்லாத கார்டினல் டெட்ராவும் அதன் உறவான நியான் டெட்ராவும் வரவைப் பெருக்குகின்றன: பி.எச். 4-க்குக் கீழே இறங்கினாலும், நீரில் இருக்கும் சொற்பச் சோடியத்தை அவற்றின் செவுள் தளராமல் இழுக்கிறது. ஏஞ்சல் மீன் போன்ற சிக்லிட் இனங்கள் செலவைச் சுருக்குகின்றன. அவை உப்பை உறிஞ்சும் வேகம் குறைவு, அதுவும் அமிலத்தில் தடைப்படும். ஆனால் கசிவே மிகக் குறைவாக இருப்பதால் தாக்குப்பிடிக்கின்றன. தின்னும் இரையிலிருந்தும் கொஞ்சம் உப்பு கிடைக்கிறது.

நீருக்குப் புளிப்பைத் தரும் அந்தப் பழுப்புக் கரிமப் பொருளே மீனுக்குக் காவலாகவும் இருப்பதுதான் இதில் வியப்பு. அது செவுளின் மேற்பரப்பில் செயல்பட்டு உப்புக் கசிவை மட்டுப்படுத்துவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே, வெறும் அமிலம் கலந்த தெளிந்த நீரும் கருநீரும் பி.எச். அளவில் ஒன்றானாலும் மீனுக்கு ஒன்றல்ல.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விற்கும் கார்டினல் டெட்ரா ஓரளவு உப்புள்ள தொட்டி நீரிலும் வாழ்ந்துவிடும். ஆனால் அதன் முட்டை பொரிய மென்மையான, அமிலம் கலந்த நீர் வேண்டும். ஜப்பானின் ஒசோரே மலையில் உள்ள உசோரி ஏரியின் மீன் ஒன்று இதற்கு நேர்மாறு. எரிமலைச் சூழலால் பி.எச். சுமார் 3.5 ஆகிவிட்ட அந்த ஏரியில் உகுய் என்னும் கெண்டைக் குடும்ப மீன் வாழ்கிறது. அதன் செவுள் உயிரணுக்கள் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பதிலுக்குச் சோடியத்தை வாங்கிக்கொள்கின்றன. முட்டையிட மட்டும் அது ஏரியில் வந்து கலக்கும் அமிலமில்லாத ஓடைகளுக்கு ஏறிப் போகிறது.