சித்தாள்

கொத்தனாருக்குக் கையாளாக நின்று கலவை, செங்கல், ஜல்லி, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துத் தரும் கட்டடத் தொழிலாளி. தமிழ்நாட்டில் இப்பெயர் பெரும்பாலும் பெண்ணையே குறிக்கும்.

கோயிற் கல்வெட்டுகள் கொடையாளரையும் சிற்சில இடங்களில் தச்சரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. சுமை தூக்கியவர் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக் கட்டடங்களில் பரவலாக இருந்த 'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் பெண்களின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. தேக்குக் கட்டைகள்மேல் செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவர். பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவர். தாளம் பிசகாமலிருக்கப் பாட்டும் உண்டு. கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழுந்தால் பதம்; அதைத் தட்டும் கைதான் முதலில் அறியும். சிமெண்டுக் காங்கிரீட் பரவியபின் இவ்வேலை அருகியது. சித்தாளுக்குச் சும்மாடும் பாண்டும் மிஞ்சின.

சித்தாள் பற்றிய பதிவுகள் மிகுந்திருப்பது 1979க்குப் பிற்பட்ட காலத்துக்குத்தான். அவ்வாண்டில் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைய 1994 ஆயிற்று. இதற்கிடையே 1985இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த தேசியக் குழு மத்தியச் சட்டம் கேட்டுப் போராடியது. 1996இல் அச்சட்டமும், கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு நலவரி விதிக்கும் சட்டமும் நிறைவேறின. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் குழந்தைகளுக்குத் தனியறை வேண்டும் என்பது முதற்சட்டத்தின் ஒரு விதியாக இருந்தது. நான்கைந்து பேர் வேலை செய்யும் வீட்டு மனைகளுக்கு அது எட்டவில்லை. அங்கே மரக்கிளையில் கட்டிய தூளிதான்.

சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது. எனினும் ஆண் உதவியாளைப் 'பெரியாள்' என்று தனியே பிரித்துக் கூடுதல் கூலி தருவது பல இடங்களில் வழக்கம். பெண்கள் ஏன் கரணை பிடிப்பதில்லை என்பதில் கருத்து ஒன்றாக இல்லை: சாரம் ஏறுவது கடினம் என்பர் மேஸ்திரிகள்; கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பர் சங்கத்தார். இரண்டும் ஓரளவு உண்மையாகலாம்.

2014 ஜூன் 28இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அவர்களுள் பெண்களும் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள் 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சேர்க்கப்பட்டன. பெரிய மனைகளில் கலவை லாரியும் பம்பும் வந்தபின் சித்தாள் வேலை குறைந்துவருகிறது.