பழைய காருக்குக் கதவுப் பலகை: வீட்டிலேயே செய்யும் முறை

பழைய காரை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் முதலில் இயந்திரத்தைப் பார்ப்பார்கள், அடுத்து சாயம் பூசுவார்கள். கதவின் உட்பக்கம் கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் உட்பலகையின் கீழ்ப்பகுதி உப்பி, வளைந்து, தொட்டால் நனைந்த அட்டையைப் போல உதிரும் நிலைக்கு வந்திருக்கும்.

மலாயாவில் 1950, 60ஆம் ஆண்டுகளில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமான இந்தக் காரின் தயாரிப்பு 1971இல் நின்றது. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. தாத்தா ஓட்டிய மைனரை இன்றும் வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அதன் கதவுப் பலகை ஒன்றும் பெரிய வித்தை அல்ல: ஹார்ட்போர்டு எனப்படும் மரநார்ப் பலகை, அதன் மேல் ஒரு தோலுறை, பின்புறம் சில கிளிப்புகள். பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்துவிடலாம்.

பலகை ஏன் கெடுகிறது?

வயதானதால் கெட்டுவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் தண்ணீர். மழை பெய்யும்போது கண்ணாடி வழியாக வழியும் நீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கும். அது கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். கண்ணாடியை அணைத்து நிற்கும் ரப்பர் தேய்ந்தால் உள்ளே இறங்கும் நீர் கூடும். இலைத் தூளும் துருவும் துளைகளை அடைத்தால் நீர் தேங்கிவிடும். பலகைக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நீர்த்தடுப்புத் தாளும் கிழிந்திருந்தால், ஹார்ட்போர்டு அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும்.

இதைச் சரி செய்யாமல் புதுப் பலகை மாட்டினால், நம் ஊர் மழைக்கு அதுவும் பழைய பலகையின் கதிக்கே ஆளாகும்.

கழற்றும்போது கவனம்

கண்ணாடியை முழுமையாக மேலே ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கண்ணாடி ஏற்றும் பிடியும் கதவு திறக்கும் பிடியும் சில கார்களில் நடுத் திருகில் நிற்கும். வேறு சில கார்களில் பிடிக்குப் பின்னால் ஒரு சிறு ஊசியோ வளைவான கிளிப்போ இருக்கும். எது என்று பார்க்காமல் இழுத்தால் பிடி உடையும். பலகையின் ஓரத்தில் துணி சுற்றிய தட்டையான கருவியை நுழைத்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் மெதுவாக நெம்ப வேண்டும். கதவுக்குள் தகட்டின் ஓரங்கள் கத்தி போல இருக்கும் என்பதால் கையுறை அவசியம்.

பழைய பலகை எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது. கிளிப் துளைகளின் சரியான இடத்தைக் காட்டும் மாதிரி அதுதான். உதிர்ந்த பகுதியை டேப் ஒட்டிச் சேர்த்து, கெட்டி அட்டையில் வரைந்துகொள்ள வேண்டும். வலப்பக்கக் கதவுக்கு வரைந்த மாதிரியைத் திருப்பிப் போட்டால்தான் இடப்பக்கக் கதவுக்குப் பொருந்தும். திருப்ப மறந்தால் இரண்டு பலகைகளும் ஒரே பக்கத்துக்கு வந்து நிற்கும்.

பலகையும் உறையும்

3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு பழைய முறைக்கு ஒத்து வரும். அதே கனத்தில் தண்ணீர் தாங்கும் பிளைவுட் கிடைத்தால் நீண்ட காலம் உழைக்கும். எதுவானாலும் வெட்டித் துளை போட்ட பிறகு இரு பக்கமும், குறிப்பாக ஓரங்களிலும் துளைகளின் உட்புறத்திலும் வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். பலகை நீரைக் குடிப்பது ஓரங்களின் வழியாகத்தான்.

உறை போடும் முன் வெறும் பலகையைக் கதவில் மாட்டிப் பார்க்க வேண்டும். துளை தவறியிருந்தால் இந்தக் கட்டத்தில் திருத்துவது எளிது. ஒட்டிய பிறகு தெரிந்தால் எல்லாம் வீண்.

கார் குஷன் கடைகளில் பி.வி.சி. லெதரும் மெல்லிய ஸ்பாஞ்சும் வாங்கலாம். ஸ்பாஞ்ச் 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் தடித்தால், கண்ணாடிப் பிடி அதன் தண்டில் சரியாக அமராது. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். ஆகவே சூடு தாங்கும் காண்டாக்ட் பசையையே கேட்டு வாங்க வேண்டும். பசையை இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்போ சிகரெட்டோ இல்லாமல் செய்வது முக்கியம்.

லெதரை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவி ஒட்டி, சுற்றிலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் விட்டு வெட்டிப் பின்பக்கம் மடிக்க வேண்டும். மூலைகளில் சிறு முக்கோணமாக வெட்டி எடுத்தால் மடிப்பு குவியாது. ஸ்டேப்பிள் அடிப்பதாக இருந்தால், ஊசி முன்பக்கம் துளைத்து வருகிறதா என்று மீந்த துண்டில் அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாட்டும் முன் செய்ய வேண்டியவை

கதவின் அடித் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, மேலே கண்ணாடி மீது ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கிய நீர் அடியில் சொட்டினால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடி ரப்பர் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும்.

பிறகு கனமான பிளாஸ்டிக் தாளை, பியூட்டைல் டேப் கொண்டு கதவுத் தகட்டில் ஒட்ட வேண்டும். தாளின் கீழ் ஓரத்தைக் கதவின் உட்குழிக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் நீர் பலகைப் பக்கம் வராமல் கதவுக்குள்ளேயே விழும். இந்த ஒரு மடிப்பை மறந்தால் தாள் ஒட்டியும் பயனில்லை.

கடைசியாகக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தட்டி அமர்த்தி, பிடிகளை மாட்டி, கண்ணாடி முழுமையாக ஏறி இறங்குகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வெட்டிய அட்டை மாதிரியில் காரின் பெயரையும் பக்கத்தையும் எழுதிப் பத்திரப்படுத்தினால், அடுத்த முறை அந்தக் காரைத் தொடும் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ பாதி வேலை மிச்சம்.