பைக், ஸ்கூட்டருக்குப் பின்னாடி பெட்டி மாட்டப் போறீங்களா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

விடியற்காலையில் பால் கேன், காலையில் ஆபீஸ் பை, மதியம் சாப்பாட்டு டெலிவரி, சாயங்காலம் காய்கறி மூட்டை. தமிழ்நாட்டில் டூவீலர் என்பது ஆளை மட்டும் ஏற்றிச் செல்லும் வண்டி அல்ல. பாதி குடும்பத்துக்கு அதுதான் லாரியும்கூட. அதனால்தான் வண்டி வாங்கிய கையோடு பலரும் தேடிப் போவது பின்பக்க கேரியரையும் பெட்டியையும்.

சென்னை ஜி.பி. ரோடு தொடங்கி ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து உதிரிபாகக் கடை வரை விதவிதமான பெட்டிகள் தொங்குகின்றன. "எது பெருசா இருக்கோ அதைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி மாட்டிவிடுகிறோம். ஆனால் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிலோவும் ஹேண்டிலையும் பிரேக்கையும் பாதிக்கும். எப்படி? எந்தப் பெட்டி யாருக்கு சரியாக இருக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

பின்னால் எடை ஏறினால் என்ன ஆகும்?

பெரும்பாலான பெட்டிகள் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலே அல்ல, அதற்கும் பின்னால்தான் உட்காருகின்றன. சிறுவர்கள் ஆடும் சீசா பலகை மாதிரிதான் இதுவும். பின்சக்கரத்துக்குப் பின்னால் அழுத்தினால், முன்சக்கரம் லேசாகும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 125 செ.மீ. தூரம். பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 40 செ.மீ. பின்னால் இருக்கிறது. அதில் 10 கிலோ வைத்தால் முன்சக்கரத்தின் மீதுள்ள எடை சுமார் 3 கிலோ குறையும். பின்சக்கரத்தில் 13 கிலோ கூடும். அதே இடத்தில் 30 கிலோ வைத்தால் முன்பக்கம் கிட்டத்தட்ட 10 கிலோ லேசாகிவிடும்.

முன்சக்கரம் லேசானால் ஹேண்டில் பிடிப்பு குறையும். மேம்பாலத்தில் ஏறும்போதும் பள்ளத்தில் குதிக்கும்போதும் ஹேண்டில் ஆட்டம் காணும். வேகம் கூடக் கூட பின்பக்கம் வாலாட்டுவது போல் அசையும். இரவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்பக்கம் தாழ்வதால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் இன்ஜினே பின்சக்கரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. டயர்களும் சிறியவை. ஏற்கெனவே பின்பாரமான வண்டியில் பெரிய பெட்டியைத் தொங்கவிட்டால், பைக்கைவிட சீக்கிரமே வித்தியாசம் தெரியும்.

வண்டி எவ்வளவு எடை தாங்கும்?

இதற்கான பதில் வண்டியோடு கொடுக்கப்படும் கையேட்டிலேயே இருக்கிறது. 'பேலோடு' அல்லது 'அதிகபட்ச சுமை' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது சாமானுக்கு மட்டுமான எண் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் பொருள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை அது.

உதாரணத்துக்கு ஒரு வண்டியின் அளவு 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணவர் 70 கிலோ, மனைவி 55 கிலோ என்றால் 125 கிலோ ஆகிவிட்டது. மிச்சம் 5 கிலோதான். காலிப் பெட்டியும் அதன் பிளேட்டும் சேர்ந்தே 3, 4 கிலோ வரும். இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் வைக்கத்தான் இடமிருக்கிறது. தனியாகப் போகும்போது அதே வண்டியில் தாராளமாக சாமான் ஏற்றலாம்.

இது முதல் எல்லை. இரண்டாவது எல்லை கேரியருடையது. மூன்றாவது பெட்டியுடையது. நிறைய டாப் பாக்ஸ்களில் 10 கிலோ அல்லது அதற்கும் குறைவான எடைதான் அதிகபட்சம் என்று மூடியின் உள்பக்கமோ அடியிலோ எழுதியிருக்கும். கூடவே, பெட்டியோடு எவ்வளவு வேகத்தில் போகலாம் என்றும் சில நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. மூன்று எண்களில் எது குறைவோ, அதுதான் கணக்கு. 45 லிட்டர் பெட்டி என்பதால் 45 கிலோ வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

நாம் அன்றாடம் ஏற்றும் பொருட்களின் எடை

* 20 லிட்டர் தண்ணீர் கேன்: தண்ணீர் மட்டுமே 20 கிலோ
* 40 லிட்டர் பால் கேன்: பால் மட்டுமே சுமார் 41 கிலோ, கேன் எடை தனி
* வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டர்: வாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து சுமார் 30 கிலோ
* அரிசி மூட்டை: 25 கிலோ

இதில் எதுவுமே டாப் பாக்ஸுக்கோ அதன் பிளேட்டுக்கோ ஏற்றதல்ல. தண்ணீர், பால் போன்றவை உள்ளே அலம்பும். பாதி நிரம்பிய கேன் முழு கேனைவிட எடை குறைவுதான். ஆனால் வளைவிலும் பிரேக்கிலும் அதுதான் வண்டியை அதிகம் உலுக்கும்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

டாப் பாக்ஸ்: கேரியர் மேல் பிளேட் வைத்துப் பூட்டும் கெட்டியான பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பெட்டி. பூட்டு உண்டு, மழைக்கும் ஓரளவு தாங்கும். முழு முகத்தையும் மறைக்கும் ஹெல்மெட் ஒன்று வைக்க 28 முதல் 30 லிட்டர் வேண்டும். இரண்டு ஹெல்மெட் என்றால் 45 லிட்டருக்கு மேல் தேவை. லேப்டாப், மழைக்கோட்டு, ஹெல்மெட் என்று லேசான, விலை உயர்ந்த பொருட்களை வைக்க இது நல்ல தேர்வு.

சைடு பாக்ஸ், சேடில் பேக்: வண்டியின் இரு பக்கமும் தொங்குபவை. எடை கீழேயும், பின் அச்சை ஒட்டியும் இருப்பதால் பேலன்ஸ் கெடுவது குறைவு. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இதுவே சிறந்தது. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். துணிப் பை என்றால் சைலன்சரில் படாமல் இருக்க தனியாகக் கம்பி சட்டம் தேவை. வண்டியின் அகலம் கூடுவதால் குறுகலான தெருவிலும் நெரிசலிலும் இடிபடும்.

டெயில் பேக்: சீட்டின் பின்பகுதியில் வார் போட்டுக் கட்டும் துணிப் பை. தேவைப்படும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பூட்டு கிடையாது. மழைக்கு உறை போட வேண்டும்.

கிரேட், இரும்புக் கூடை: காய்கறி, முட்டை, தண்ணீர் பாட்டில் விற்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது. விலை குறைவு, காற்றோட்டம் உண்டு. ஆனால் மேலே வலையோ வாரோ போடாவிட்டால் பள்ளத்தில் பொருள் எகிறி, பின்னால் வருகிறவர் மீது விழும்.

டெலிவரி பெட்டி: சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதைவிட, கேரியரில் பொருத்துவது நல்லது. முதுகில் பை இருந்தால் எடை உயரத்துக்குப் போகிறது. நாள் முழுக்க தோளும் இடுப்பும் வலி தாங்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

டூவீலரில் பொருத்தும் இலகு ரகப் பெட்டிகளுக்கான அளவுகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020ஆம் ஆண்டு அறிவித்தது. அதன்படி பெட்டியின் நீளம் 550 மி.மீ., அகலம் 510 மி.மீ., உயரம் 500 மி.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. பின்சீட் இருக்கும் இடத்தில் பெட்டி வைத்தால், ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. பின்சீட்டுக்கும் பின்னால் பெட்டி இருந்தால், ஒருவர் உட்கார அனுமதி உண்டு.

பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. நாம் 'சாரி கார்டு' என்று சொல்வது இதைத்தான். சைடு பாக்ஸ் மாட்டுவதற்காக இதைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவது ஆபத்து. சேலை, துப்பட்டா மட்டுமல்ல, பெட்டியைக் கட்டிய கயிற்றின் நுனியும் செயினில் சிக்கி சக்கரத்தை நிறுத்திவிடும்.

வண்டியின் சட்டத்தை வெட்டுவது, துளை போடுவது, வெல்டிங் வைப்பது வேண்டாம். நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கட்டுப்பாடு விதிக்கிறது. போல்ட் போட்டு மாட்டி, தேவைப்பட்டால் கழற்றக்கூடிய கேரியரே போதும். நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் மறையாமல் இருக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட வேண்டும்.

யாருக்கு எது சரி?

* ஆபீஸ் போகிறவர்கள்: 28 - 32 லிட்டர் டாப் பாக்ஸ்
* தினமும் மனைவி, பிள்ளையை ஏற்றிச் செல்பவர்கள்: சீட்டை ஆக்கிரமிக்காத சின்ன பாக்ஸ். பாக்ஸில் சாய்ந்து உட்காரக் கூடாது. அது சாய்மானத்துக்காகச் செய்ததல்ல.
* நீண்ட பயணம்: கனமான பொருளுக்கு சைடு பாக்ஸ், லேசான பொருளுக்கு டெயில் பேக்
* வியாபாரிகள்: கால் வைக்கும் இடத்தில் சமதளம் உள்ள மொபெட்டும், உறுதியான இரும்பு கேரியரும். கனமான பொருளை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, தாழ்வாக வைப்பது நல்லது. அது ஹேண்டில் திரும்புவதைத் தடுக்கக் கூடாது.
* வயதானவர்கள்: பைக்கில் உயரமான பெட்டி இருந்தால் காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட முடியாது. தடுக்கி விழும் அபாயம் உண்டு. வாங்கும் முன் கடையிலேயே ஒருமுறை ஏறி இறங்கிப் பார்ப்பது நல்லது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பெட்டியை அல்ல, கேரியரைப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த கேரியரா, எல்லா வண்டிக்கும் பொதுவானதா என்று கேளுங்கள். மாடலுக்கு ஏற்றது என்றால், நிறுவனம் விட்டிருக்கும் துளைகளிலேயே உட்காரும். பிளேட்டை நான்கு இடத்தில் பிடித்திருக்க வேண்டும். அதிர்வில் கழலாத, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் போடச் சொல்லலாம்.

மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் நனையாமல் காப்பது அதுதான். பூட்டைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு ஸ்டிக்கர் இல்லையென்றால் ஒன்று வாங்கி ஒட்டிவிடலாம்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு லேசான பொருளுக்கு மட்டும்தான். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேராகக் கண்ணில் அடிக்கும். கனமான பொருளுக்கு இழுத்து இறுக்கும் பட்டை வாரே பாதுகாப்பு.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியவை

* பின் டயரில், இரண்டு பேர் போவதற்கென்று வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன காற்றழுத்தம் வைக்க வேண்டும்.
* பின் ஷாக் அப்சார்பரில் இறுக்கம் மாற்றும் வசதி இருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லிச் சுமைக்கு ஏற்ப கூட்டிக்கொள்ளலாம்.
* பெட்டிக்குள் கனமான பொருள் அடியிலும், சீட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். காலி இடத்தில் துணி வைத்து அடைத்தால் பொருள் உருளாது.
* பெட்ரோல் கேன், பட்டாசு போன்றவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது.
* முதல் நாள் ஓட்டிய பிறகும், அதன் பின் வாரம் ஒருமுறையும் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. சுமையோடு முதல்முறை கிளம்பும்போது நேராக மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு வளைவிலும் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் லேசாக இருப்பது போலவோ, பின்பக்கம் ஆடுவது போலவோ தோன்றினால், வண்டியை நிறுத்தி சுமையைக் குறைத்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. மிச்சத்தை இரண்டாவது நடையில் எடுத்துக்கொள்ளலாம்.