வற்றாப்பளையில் எங்கே சாப்பிடுவது?

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. கோயிலைச் சுற்றித் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் இருக்கும். மற்ற நாட்களில் முள்ளியவளைக்கோ முல்லைத்தீவு நகருக்கோ போவது நல்லது. நந்திக்கடல் இறால் கறியோடு சோறு கிடைத்தால் அதிர்ஷ்டம். இது பயணிக்குச் சொல்லும் பதில். அயலூர்களில் வாழ்ந்த முஸ்லிம்களாகிய எங்களுக்கோ இது ஒரு வரலாற்றுக் கேள்வி.

இவ்வூரின் கதையே பசியில்தான் தொடங்குகிறது. மதுரையை எரித்த கண்ணகி கிழவி உருவில் நந்திக்கடலோரம் வந்தபோது, மாடு மேய்த்த சிறுவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள் என்பது ஊர்வழக்கு. அன்று கடல்நீரில் விளக்கு எரிந்ததாம். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இன்னொரு அடுப்பு ஞாபகம் வரும். மதுரையின் ஆயர் சேரியில், மாதரி கொடுத்த வீட்டில், கண்ணகி கோவலனுக்குக் கடைசியாகச் சோறாக்கியது அந்த அடுப்பில்தான். அங்கே இடையர் மத்தியில் சமைத்தவளுக்கு இங்கே மாட்டுக்காரப் பிள்ளைகள் சமைத்துக் கொடுக்கிறார்கள்.

தண்ணீரூற்றில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பொங்கல் திங்கட்கிழமை அங்கே இறைச்சி வேகாது. யாரும் சொல்லிச் செய்ததல்ல. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்கள். படையலை நாங்கள் உண்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் அயல்வீட்டார் பழமும் தேங்காயும் பச்சையரிசியும் படைக்குமுன்பே எடுத்து அனுப்புவார்கள். எங்கள் கந்தூரியில் சஹனைச் சுற்றி ஆறு பேர் இருப்போம். மாட்டிறைச்சி தின்னாத அயலவருக்கு உம்மா வேறு சட்டியில் கோழி ஆக்குவா. ஒரே கோப்பையில் சாப்பிட்டதை மட்டும் ஒற்றுமை என்று எழுதுகிறோம். மற்றவர் எதைச் சாப்பிடமாட்டார் என்று ஞாபகம் வைத்திருந்ததும் ஒற்றுமைதான்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறுமையாயின. புத்தளத்து முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். 2009 மே மாதம் அதே நந்திக்கடலோரத்தில் இன்னொரு சனம் கஞ்சிக்கு வரிசையில் நின்றது. இரண்டு பசியையும் ஒரே பக்கத்தில் எழுதாத எவரும் இந்த மண்ணின் வரலாற்றை முழுதாக எழுதவில்லை.

மீளக் குடியேறிய பிறகு, வற்றாப்பளையில் ஒரு மாணவனின் வீட்டுக்குப் போனேன். அம்மம்மா சோறு போட்டு, கோழிக்கறியை அள்ளி வைத்தா. என் கை கொஞ்சம் தயங்கியதை அவ கண்டுவிட்டா.

"தின்னுங்கோ சேர். உங்கட ஆக்களின்ர கடையிலதான் அறுப்பிச்சு எடுத்தது" என்றா.

சொல்லித் தெரியவேண்டியதாயிருக்கவில்லை அவவுக்கு. முன்பிருந்தே தெரியும். பேரன் மட்டும் ஏன் என்று கேட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்ல நாங்கள் இருவரும் அன்று வெகுநேரம் இருந்தோம்.