மான்குர்த்தும் கட்டடத் தொழிற்பயிற்சியும்

மும்பைத் தமிழர் வரலாறு என்றால் தாராவித் தோல் பட்டறைகளும் மாட்டுங்கா அலுவலகக் குடும்பங்களும்தான் உடனே நினைவுக்கு வரும். கட்டட வேலைக்குப் போன நம்மவர் அத்தொழிலை எப்படிக் கற்றார்கள் என்பதும் நம் வரலாறுதான்.

அவர்களுக்குச் சாரமே பள்ளிக்கூடம். கலவை குழைத்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, கொத்தனார் ஓய்ந்த நேரத்தில் கரணையை வாங்கிப் பழகுவான் பையன். "கண் பார்த்தா கை செய்யணும்" என்பார்கள் பெரியவர்கள். சில ஆண்டுகளில் கொத்தனார் ஆவான். ஆள் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தால் மேஸ்திரி.

1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் பழகும் முறை அது. ஆனால் நாக்காவில் நின்று அன்றாடம் வேலை தேடுகிறவருக்கு ஒப்பந்தம் எழுதித் தர முதலாளி யார்? தொழில் கைக்கு வந்தது, சான்றிதழ் வரவில்லை. பெண்களுக்கோ இந்த ஏணியே கிடையாது. சித்தாளாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்ந்தார்.

இந்நிலை மாறக்கூடியது என்பதற்குச் சான்று மான்குர்த்தில் தொடங்குகிறது. கோலார் தங்கவயலில் 1947-இல் பிறந்த ஜோக்கின் அற்புதம், 1960-களில் பம்பாய் வந்து இங்குள்ள ஜனதா காலனியில் குடியேறினார். தச்சு வேலை தெரிந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அங்கே வீடுகளை மறுபடி எழுப்பியவர்கள் அந்த மக்களேதான்.

அவர் முன்னின்ற தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்புடன், 1984-இல் தோன்றிய ஸ்பார்க் நிறுவனமும் 1986-இல் தோன்றிய மகிளா மிலன் பெண்கள் அமைப்பும் கைகோத்தன. பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே அளந்து, முழு அளவு மாதிரி செய்து காட்டினார்கள். உயரம் 14 அடி, உள்ளே ஒரு பரண். 1999 முதல் புனேயில் பொதுக் கழிப்பறைகள் கட்டும் பணி இவ்வமைப்புகளுக்குக் கிடைத்தபோது, பெண்கள் சிலர் ஒப்பந்ததாரர்களாகவே ஆனார்கள். ஆள் வைத்து வேலை வாங்கினார்கள், கணக்குப் பார்த்தார்கள். பொறுப்பைக் கொடுத்தபின் தொழில் படிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஜோக்கின் 2000-இல் மகசேசே விருது பெற்றார், 2018-இல் மறைந்தார்.

இன்று நாம் செய்யக்கூடியது என்ன? 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழியும் வைக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமோ, நலவாரியப் பதிவுக்கு ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது. இரண்டிலும் கேட்பது காகிதம். படித்த நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் சங்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கலாமே! "எனக்கு எதுக்கும்மா சான்றிதழ்?" என்று தயங்கும் சித்தாள் அக்காவையும் மறக்காமல் கூப்பிட வேண்டும்.