வீட்டுக்கு ஒரு சட்டம், வேலைக்கு ஒரு விதி, மாணவிக்கு?

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று பெண்கள்தாம். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டிகளின் பேத்திகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கிறார்கள். கிள்ளானிலிருந்து தினமும் ரயில் ஏறிப் படிக்க வருகிறவர்களும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்களும் உண்டு. அனுப்பி வைத்த பெற்றோர் மனத்தில் ஒரே கேள்வி: பிள்ளை பத்திரமாக இருக்கிறாளா?

அந்தக் கேள்விக்கு நாடு சொன்ன பதிலின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். வீட்டில் அடிபட்ட மனைவிக்குச் சட்டம் வந்தது. வேலையிடத்தில் தொல்லைப்பட்ட ஊழியருக்கு விதி வந்தது. மாணவியின் முறை வந்தது எல்லாவற்றிற்கும் கடைசியில்!

பல்கலைக்கழகப் பெண்கள் கொடுத்த தோள்

1982-இல் பெண்கள் உதவி அமைப்பு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு நாட்டின் முதல் அடைக்கல இல்லத்தைத் தொடங்கியது. 1985-இல் ஐந்து அமைப்புகள் கைகோத்து, பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் கூட்டு நடவடிக்கைக் குழுவை அமைத்தன. அந்த ஆண்டு மார்ச் மாதம் இரண்டு நாள் பட்டறையும் கண்காட்சியும் நடந்தன. கூடிய ஐந்து அமைப்புகள் எவை? பெண்கள் உதவி அமைப்பு, பெண் வழக்கறிஞர்கள் சங்கம், தொழிற்சங்கக் காங்கிரஸின் மகளிர் பிரிவு, சிலாங்கூர் - கூட்டரசுப் பிரதேசப் பயனீட்டாளர் சங்கம், ஐந்தாவதாக மலாயாப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம்.

ஆக, இந்த இயக்கத்துக்கு ஆரம்பத்திலேயே தோள் கொடுத்தவர்களில் பல்கலைக்கழகப் பெண்களும் இருந்தார்கள். ஆனால் ஊருக்குப் போராடிய அந்த வளாகத்தின் மாணவிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1987-இல் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையால் தலைநகரமே கொதித்தது. பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வந்தன. அதன் பலனாக 1989-இல் சட்டங்கள் திருத்தப்பட்டன. பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை என்று ஆயிற்று. பாதிக்கப்பட்டவரின் கடந்த கால வாழ்க்கையைக் கிளறிக் கேள்வி கேட்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் கட்டுப்பாடு வந்தது.

1990களின் முற்பகுதியில் கோலாலம்பூர் மருத்துவமனையில் ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையம் உருவானது. அதுவரை பாதிக்கப்பட்ட பெண் போலீஸ் நிலையம், மருத்துவர், சமூகநல அலுவலகம் என்று அலைந்து, ஒரே கதையை ஒவ்வொருவரிடமும் அழுதுகொண்டே சொல்ல வேண்டும். புதிய முறையில் அவள் அவசரப் பிரிவின் தனி அறையில் இருப்பாள். மருத்துவரும் போலீசும் ஆலோசகரும் அவளைத் தேடி வருவார்கள். பின்னர் இந்த முறை நாட்டின் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

இரண்டுக்கும் நடுவில் விழுந்தவள்

1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996-இல் நடப்புக்கு வந்தது. அது குடும்ப உறவுக்குள் நடப்பதைப் பார்த்தது. 1999-இல் மனிதவள அமைச்சு, பாலியல் தொல்லையைத் தடுக்கும் நடத்தை விதிகளை வெளியிட்டது. அது வேலையிடத்துக்கு உரியது. 2012-இல் வேலைச் சட்டத்திலேயே பாலியல் தொல்லை பற்றிய பிரிவு சேர்ந்தது. அதுவும் ஊழியருக்குத்தான்.

மாணவி மனைவியும் அல்லள், ஊழியரும் அல்லள். ஒரு விரிவுரையாளர் அலுவலகக் குமாஸ்தாவிடம் தவறாக நடந்தால் அது வேலையிடத் தொல்லை. அதையே அவர் மாணவியிடம் செய்தால்? உடல்மீது கை வைத்தாலோ மானபங்கம் செய்தாலோ குற்றவியல் சட்டம் இருக்கிறது. ஆனால் இரவில் வரும் குறுந்தகவலுக்கும், புள்ளியைக் காட்டி விடுக்கும் அழைப்புக்கும் அவள் நம்பியிருந்தது பல்கலைக்கழகத்தின் உள் ஒழுங்கு விசாரணையைத்தான். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மீதே புகார் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

வளாகங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்கள்; இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஆலோசகர் காது கொடுத்துக் கேட்கலாம், விசாரிக்க முடியாது. ஒழுங்குக் குழு விசாரிக்கலாம், மனக் காயத்தை ஆற்ற முடியாது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

2000 அக்டோபரில் கிள்ளானில், வேலைக்குப் போக பஸ் ஏறிய ஓர் இளம் கணினிப் பொறியாளர் அந்தப் பஸ்ஸிலேயே வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டில் பெண்கள் கூட்டுக் குழு, பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று கூறி, நகல் மசோதாவையே எழுதி அரசிடம் கொடுத்தது. அந்தச் சட்டம் வர இன்னும் 21 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

இதே காலத்தில் தமிழகமும் ஒரு மாணவியைப் பலி கொடுத்துத்தான் பாடம் கற்றது. 1998-இல் சென்னையில், கேலி செய்த இளைஞர்களின் அடாவடியால் கல்லூரி மாணவி சரிகா ஷா உயிரிழந்தார். அந்த ஆண்டே பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டம் அங்கு வந்தது. 1997-இல் இந்திய உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் பணியிடங்களுக்குப் புகார்க் குழு கட்டாயம் என்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், கல்லூரிகளின் உள் புகார்க் குழுவில் மாணவர் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தன.

விதி வந்தால் கொடுமை நின்றுவிடுமா? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளிக்கு 2025-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்ததால்தான் அது நடந்தது.

2022-இல் திறந்த கதவு

மலேசியாவில் 2022-இல்தான் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. 2023 மார்ச் முதல் படிப்படியாக நடப்புக்கு வந்தது; 2024-இல் நடுவர் மன்றம் செயல்படத் தொடங்கியது. புகார் கொடுப்பவர் மனைவியா, ஊழியரா, மாணவியா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. விசாரணை பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் நடக்கும். மன்னிப்புக் கேட்கச் சொல்லவும், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இருந்தும் ஒரு குறை உண்டு. தொல்லையைத் தடுக்கும் கடமையை நிறுவனங்கள் மீது இந்தச் சட்டம் சுமத்தவில்லை என்று பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டின. மாணவிக்கு இது முக்கியமான குறை. மன்றம் இழப்பீடு வாங்கித் தரலாம். ஆனால் நாளைக் காலை அதே விரிவுரை அறையில் அதே மனிதர் முன்னால் உட்கார வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? ஆய்வு மேற்பார்வையாளரை மாற்றுவது, விடுதி அறையை மாற்றுவது, தேர்வைத் தள்ளி வைப்பது, புகார் கொடுத்ததற்காகப் புள்ளி குறையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை வளாகம்தான் செய்ய வேண்டும். சட்டம் எவ்வளவு நல்லதாயினும் வளாகத்தில் உதவித் திட்டம் இல்லையென்றால் மாணவிக்குக் கிடைப்பது பாதி நீதிதான்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு

‘கற்பழிப்பு’ என்று நெடுங்காலம் எழுதி வந்தோம். கொடுமை செய்தவன் ஒருவன். எதையோ இழந்தவள் அவள் என்று அந்தச் சொல் தீர்ப்பே எழுதிவிடுகிறது. அதனால்தான் ‘வெளியே சொல்லாதே, உன் கல்யாணம் என்னாகும்’ என்கிறோம். பாலியல் வல்லுறவு என்று சொல்லும்போது குற்றம் செய்தவனிடமே குற்றம் நிற்கிறது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. அப்படி ஒன்று நேர்ந்தால் முதலில் போலீஸ் நிலையம் என்பது கட்டாயமில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகவே போகலாம். முடிந்தவரை குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல், மூன்று நாளுக்குள் போவது நல்லது. அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999.

பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் நாளில் விடுதிக் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம். புகார் கொடுத்தால் யார் கேட்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்றும் அன்றே கேட்க வேண்டும். வீட்டில் மகளிடம் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும்: ‘என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லலாம், உன்னைக் குறை சொல்ல மாட்டோம்.’ இதைச் சொல்ல எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.