பழைய அம்பாசிடருக்குப் புது இன்ஜினா? முதல்ல பிரேக்கைப் பாருங்க!

தாத்தா காலத்து அம்பாசிடரைத் தூசு தட்டி, இன்ஜினை மாற்றி, ஓ.எம்.ஆர் பிடிச்சு திருப்போரூர் வழியா மாமல்லபுரம் போகணும்னு ஆசையா? நல்ல ஆசைதான். ஆனா, கேளம்பாக்கம் தாண்டினதும் கால் தானா ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். கிருத்திகை நாளில் திருப்போரூர் முருகன் கோயிலுக்கு வரும் கூட்டமோ சாலையைக் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் காப்பாற்றப்போவது இன்ஜின் இல்லை, பிரேக்!

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். அடுத்தடுத்து அழுத்தினால் டிரம் சூடாகி விரியும், பிடிமானம் குறையும். அதனால்தான் பலரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றுகிறார்கள். ஆனால், டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதாது.

மாஸ்டர் சிலிண்டர்

பல பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் காலி. இரட்டைப் பாதை கொண்ட டேண்டம் சிலிண்டர் வாங்குங்க. டிரம்முக்கான சிலிண்டர் சிலவற்றில், பாதையில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அதை டிஸ்க்குடன் இணைத்தால் பேட் உரசிக்கொண்டே ஓடி, சூடேறும்.

பூஸ்டர்

டிஸ்க்கை அழுத்த அதிக பலம் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பூஸ்டருக்கான வாக்யூம் தானாகக் கிடைக்கும். டீசல் இன்ஜின் என்றால் தனி வாக்யூம் பம்ப் அவசியம்.

பின்சக்கரம்

முன்சக்கரத்துக்கு முன்னால் பின்சக்கரம் லாக் ஆனால் கார் சுழன்றுவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு உதவும். காலிப்பர் வாங்கும் முன், வீல் அதில் இடிக்காமல் சுழலுமா என்று அளந்து பாருங்க.

ஆயிலும் பைப்பும்

டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரமே கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்க. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றுடன் கலக்கவே கூடாது. கடற்கரை உப்புக்காற்றில் இரும்பு பைப் துருப்பிடிக்கும். செம்பு-நிக்கல் பைப் நீடித்து உழைக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும். அப்போதே பிரேக் மாற்றத்தையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கோங்க. 50 வயது தாண்டிய காரை வின்டேஜாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், இன்ஜின், சேஸி, பாடியில் கை வைக்காதீங்க. 2021 விதிகள் அதை ஏற்காது.

வேலை முடிந்ததும், கார் நிற்கும்போதே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிங்க. மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கு, காரை எடுக்காதீங்க. சரியாக இருந்தால், ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் சோதித்துவிட்டு ரோட்டுக்கு வாங்க. பட்ஜெட் இடித்தால் இன்ஜின் காத்திருக்கட்டும், பிரேக் காத்திருக்கக் கூடாது.